எட்டாங்கிளாஸ் போகிறவளிடம் கேட்க வேண்டியது

சேகர்,

இந்தக் கடிதத்தை உன் டிஃபன் பையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து, வழக்கம்போல் தூங்க ஆரம்பிப்பதற்கு முன்னால் படித்துவிடு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிறானே, கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். நேருக்கு நேர் நின்றால் நமக்குள் ஐந்து வார்த்தைக்கு மேல் வருவதில்லை, அதிலும் இரண்டு வார்த்தை சாப்பாட்டைப் பற்றியது. நீ ஏழாவது வரை தமிழில் படித்தவன், என் கோழிக் கிறுக்கலும் உனக்குப் பழக்கம்தான். உன் மகள் தர்ஷினிக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் அவள் பையைத் திறந்து பார்த்தாலும் பயமில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் மட்டும் மறைக்காதே. அந்த ரயிலில் போகிறவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ ஒரு பிள்ளை ஹைஸ்கூல் போகும். அவர்களும் படிக்கட்டும்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் நீ தூங்கிவிடுவாய். உன் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. போன வாரம் நான்கு நாள் போகவில்லை, இந்த வாரம் திங்கள், செவ்வாய், நேற்று புதன், மூன்று நாளும் போகவில்லை. ஆனால் தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டு, இரண்டு ஜடை பின்னி, டிஃபன் எடுத்துக்கொண்டு, "வரேன் தாத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போகிறாள். சாயங்காலம் சரியாக நாலரைக்கு வந்துவிடுகிறாள். நீயும் மருமகளும் முதல் ரயிலுக்குப் போய் விளக்கு வைத்த பிறகு வருகிறீர்கள், உங்களுக்குத் தெரிய வழியில்லை. பகல் முழுக்க வீட்டில் இருக்கிற எனக்கே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மீட்டிங்கில்தான் தெரிந்தது.

அந்த மீட்டிங் நோட்டீசை நீ என்னிடம் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். சட்டைப் பையிலிருந்து எடுத்து, மடிப்புகூடப் பிரிக்காமல் நீட்டினாய். "நீயே போய்ட்டு வா நைனா, சைட்ல ஆளில்ல" என்றாய். நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பத்து மணிக்கே போய் உட்கார்ந்தேன். எட்டாங்கிளாஸ் பெஞ்சு இருக்கிறதே, அதில் என் கால் நுழையவில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னாலும் முன்னாலும் எல்லாம் நரைத்த தலை. தங்கச் சுரங்கத்தில் என்னோடு ஷிஃப்டில் இருந்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் வீட்டுக்காரம்மாக்கள், பாலகாட் லைனிலிருந்து வந்த ஒரு விதவை அம்மாள். பெற்றவர்கள் எல்லோரும் ரயிலில். கிளாஸ் டீச்சர் சின்னப் பெண், முல்பாகல் பக்கம் போலிருக்கிறது. உள்ளே வந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தந்தெ தாயி பர்லில்வா?" என்றார். அப்பா அம்மா வரவில்லையா என்று கேட்கிறார். பென்ஷன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பெண் நல்ல பெண், சேகர். கன்னடமும் தெரிந்த தமிழுமாகக் கலந்து, பொறுமையாகப் பேசினார். ஹைஸ்கூல் முதல் வருஷத்தில் பிள்ளைகள் மார்க்கில் விழுவதற்கு முன்னால் மனசில் விழுந்துவிடுகிறார்கள், முதல் மூன்று மாதத்தில் பிடித்தால்தான் உண்டு என்றார். வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதைப் போர்டில் எழுதினார். எத்தனை மணிக்குத் தூங்குவது, படிக்கிற நேரத்தில் ஃபோன் யார் கையில், பாடம் புரியாத அன்றைக்கு யாரிடம் போய்க் கேட்பது, முதல் டெஸ்டில் மார்க் குறைந்தால் வீட்டில் என்ன வார்த்தை சொல்வீர்கள். படிக்க என்று ஒரு தனி இடம் வேண்டும் என்றும் எழுதினார். மைன்காரர்கள் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் கால் நீட்டிப் படுக்கவே இடமில்லை, இதில் தனி இடத்துக்கு எங்கே போவது என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. எல்லோருக்கும் ஒரு காகிதம் கொடுத்து மூன்றே கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னார். உங்கள் பிள்ளை யார் பக்கத்தில் உட்காருகிறது, எந்தப் பாடத்துக்குப் பயப்படுகிறது, கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்லும்.

நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அவள் பிறந்த நட்சத்திரம் தெரியும், கத்தரிக்காய் தொடமாட்டாள் என்று தெரியும், காய்ச்சல் வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். இந்த மூன்றில் ஒன்றும் தெரியவில்லை. பெயரை மட்டும் எழுதி வெறும் காகிதத்தைக் கொடுத்தேன். டீச்சர் அதைப் பார்த்தார், கோபப்படவில்லை. எல்லோரும் கிளம்பின பிறகு என்னை மட்டும் நிறுத்தி, "தர்ஷினி தாத்தானா நீங்க? ஜ்வரம் கம்மி ஆச்சா? ஆறு நாளா வரலியே" என்றார். கூடப் படிக்கிற பெண் யாரோ, காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள்.

இங்கேதான் நான் செய்த முதல் அயோக்கியத்தனத்தைச் சொல்ல வேண்டும். அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் ஜடைக்கு ரிப்பன் கட்டிவிட்டவன் நான். அப்படிப்பட்டவன், கண்ணை இமைக்காமல், "ஆமாம்மா, காய்ச்சல்தான், இப்போ பரவால்ல" என்று சொல்லிவிட்டேன். குடும்ப மானம் போய்விடுமாம். அந்தப் பெண் உதவி செய்யத்தான் கூப்பிட்டு நிறுத்தினார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இந்தப் பொய்யை இதற்கு முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறேன் என்று பள்ளிக்கூடத்துக்குப் பிரிகிற அந்த ஸ்கெலட்டன் திருப்பம் வரும்போதுதான் புரிந்தது. அப்போது அதைச் சொன்னவன் நீ.

உனக்கு நம் வீட்டு வழக்கம் தெரியும். என் அப்பா இரும்புக் கூண்டு கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கிப் போய் ஷிஃப்ட் முடிந்து வந்தால், குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. கீழே என்ன நடந்தது, எவனுக்கு அடிபட்டது, எந்த லெவலில் பாறை வெடித்தது, ஒன்றும் கேட்கக்கூடாது. நாளைக்கும் அதே குழிக்குள் இறங்க வேண்டியவன், அவன் பயத்தைக் கிளறிவிடாதே என்பது கணக்கு. வெந்நீர் தயாராக இருக்கும், பலகை போட்டிருக்கும், சோறு வந்துவிடும், வீடே வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் வந்தேன், உன் அம்மாவும் அப்படித்தான் நடந்துகொண்டாள். மைன் மூடினார்கள், நான் பெங்களூரில் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஆனேன். குழிக்குப் பதில் ரயில், அவ்வளவுதான். வந்தவனிடம் ஒன்றும் கேட்பதில்லை என்பது மட்டும் அப்படியே இருந்தது. அதை நான் அன்பு என்றும் மரியாதை என்றும் நினைத்திருந்தேன். ஷிஃப்ட் போய் வருகிற பெரிய மனுஷனுக்கு அது மரியாதையாகவே இருக்கலாம்.

நீ ஹைஸ்கூல் போன முதல் நாள் எனக்கு வாரலீவு. வாழ்க்கையில் முதல்தடவை ஃபுல் பேண்ட் போட்டிருந்தாய், இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றில் இழுத்துக் கட்டியிருந்தது. சாயங்காலம் நீ வந்தபோது உன் அம்மா வாசலிலேயே, "இன்னாடா கண்ணு நடந்திச்சி, வாத்தியாரு எப்படி" என்று ஆரம்பித்தாள். நான்தான் அதட்டினேன். "அவன் இன்னா சின்னப் பையனா? ஹைஸ்கூல்காரன். மொதல்ல தண்ணி குடு, பலகய போடு" என்றேன். என் பலகையில் உன்னை உட்கார வைத்தேன். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து அந்த வருஷம் முழுக்க உன்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனுஷனுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பதின்மூன்று வயசுப் பிள்ளைக்குக் கொடுத்தேன். உனக்கு நான் செய்த கெடுதல்களில் அடிதான் பெரிசு என்று நீ நினைத்திருப்பாய். இல்லை, இதுதான் பெரிசு.

ஏழாவது வரை தமிழில் படித்தவனை இங்கிலீஷ் செக்ஷனில் போட்டது நான். ஃபாரத்தில் டிக் அடிக்கும்போது நீ பக்கத்தில்தான் நின்றாய், உன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. லைனில் எல்லோரும் இங்கிலீஷ் போட்டார்கள். நம் பிள்ளை மட்டும் குறைச்சலா என்று நானும் போட்டேன். ஒரு தடவை நீயாகவே சொல்லவும் செய்தாய். ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "நைனா, சயின்ஸும் கணக்கும் இங்கிலீஷ்லயே நடத்துறாங்க. இன்னா சொல்றாங்கன்னே தெரில." எவ்வளவு நாள் யோசித்து அந்த வரிசையில் வைத்துச் சொன்னாயோ. நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "மொத தடவ கேஜ்ல எறங்கசொல்ல எனக்கும்தான் காது அடச்சிகிச்சி. போகப் போகப் பழகிடும் போ." கறிக்கடைக்காரர்கூடச் சிரித்தார். நீயும் கொஞ்சம் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ எதையும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை முடிந்து நீ பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருக்கிறாய். எங்களுக்குத் தெரிந்தது பிப்ரவரியில். சைக்கிளில் ஒரு வாத்தியார் வந்தார், வாசலில் நின்று, "பையனுக்குக் காமாலை தேவலையா?" என்று கேட்டார். உன் அம்மா விழித்தாள், நான் விழித்தேன். அவர் பையிலிருந்து ஒரு லீவ் லெட்டர் எடுத்துக் காட்டினார். என் பெயரில், என் கையெழுத்தை நீயே போட்டு, நல்ல இங்கிலீஷில் மஞ்சள் காமாலை என்று எழுதியிருந்தது. அந்த வருஷம் நீ ஒழுங்காகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் போனதும் ஆணியில் மாட்டியிருந்த, குழிக்குள் விளக்கு மாட்டுகிற என் பழைய லேம்ப் பெல்ட்டை எடுத்தேன். எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை, உனக்கு இருக்கும். உன் அம்மா குறுக்கே விழுந்து கத்தினாள். "அடிக்காதீங்க, கேளுங்க. அஞ்சு மாசமா எங்க போனான், எங்க உக்காந்தான்னு ஒரு வார்த்த கேளுங்க." நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "கேட்டு இன்னா ஆவப் போவுது" என்றேன்.

மறுநாளே உன்னை என்னோடு ரயிலில் ஏற்றினேன். நான் வாட்ச்மேனாக இருந்த இடத்தில் பக்கத்துக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, டைல்ஸ் போடுகிற மேஸ்திரியிடம் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். உன் தோளில் பெல்ட் தடம் இன்னும் மறையவில்லை. மேஸ்திரி, "பையன் படிக்கலயா?" என்று கேட்டதற்கு, "படிப்பு ஏறல" என்றேன். நீ கேட்டுக்கொண்டு நின்றாய். ஏறவில்லையா, ஏற வழி விடவில்லையா என்று இப்போது எழுதுகிறேன், அன்று சொல்ல வாய் வரவில்லை. என் அப்பா இருமி இருமியே செத்தார், பாறைத் தூசி நெஞ்சில் உறைந்து போய்விட்டது. அந்தத் தூசி உன்மேல் படக்கூடாது என்றுதான் உன்னை ஹைஸ்கூல் அனுப்பினேன். இப்போது ஒரு வருஷமாக நீ காலையில் பல் தேய்க்கும்போது இருமுகிற இருமலைக் கேட்கிறேன். டைல்ஸ் வெட்டுகிற மெஷின் கிளப்புகிற தூசியும் பாறைத் தூசிதானே, சேகர். துணியை மூக்கில் கட்டிக்கொள்கிறாயா என்றுகூட நான் கேட்டதில்லை. இருமல் சத்தம் கேட்டால் ரேடியோவைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்கிறேன், அதுதான் நான் செய்வது.

நீ எங்கே போயிருந்தாய் என்பதை உன் அம்மா கேட்டாளா, நீ சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. அவளிடமும் நான் கேட்டதில்லை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. அந்த மார்கழியில் உன் பேண்டைத் துவைத்துக்கொண்டே, "இன்னா இது, தண்ணி சாம்ப கலர்ல போவுது. சயனைடு மேட்டு மண்ணு மாதிரி இருக்குது" என்றாள். தங்கம் பிரித்தெடுத்த பிறகு மைன்காரர்கள் கொட்டின கழிவு, வெள்ளையும் சாம்பலுமாக மாவு மாதிரி இருக்கிற அந்த மண் இந்த ஊரில் வேறு எங்கும் கிடையாது. "ஆடியிருப்பான், உடு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தர்ஷினி வந்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மூன்று தலைமுறையாக இந்த வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தேன், அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். "இன்னிக்கு ஸ்கூல்ல இன்னா நடந்திச்சிம்மா?" டம்ளர் வாயிலேயே நின்றது. நான் திட்டிவிட்டதுபோல் பார்த்தாள். இந்தக் கேள்வியை இதற்கு முன்னால் யாராவது அவளிடம் கேட்டிருந்தால்தானே. "ஒண்ணும் இல்ல தாத்தா. நல்லாத்தான் போச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் குரல் உன் குரல். சாப்பாட்டு டப்பா கழுவி வைத்ததுபோல் காலியாக இருந்தது. வாசலில் கழற்றிப் போட்டிருந்த கறுப்பு ஷூவைக் குனிந்து எடுத்தேன். அடியிலும் ஓரத்திலும் மாவு மாதிரி மண். விரலில் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் கலர்.

நேற்று புதன்கிழமை காலையில் அவள் கிளம்பிய பிறகு நானும் பின்னாலேயே போனேன். ஸ்கெலட்டன் திருப்பம்வரை போனேன். பள்ளிக்கூடத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவள் நேராக, சயனைடு மேட்டுப் பக்கம் போனாள். பை கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, தலையைக் குனிந்து, வழக்கமாகப் போகிற இடத்துக்குப் போகிறவள்போல் அவசரமில்லாமல் போனாள். முட்டி வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். முட்டி வலி பொய் இல்லை. ஆனால் முட்டிக்காகத் திரும்பவில்லை. அந்த மேட்டில் அவள் எங்கே உட்காருகிறாள், என்ன சாப்பிடுகிறாள், யாராவது கூட இருக்கிறார்களா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மழைக்காலத்தில் மேடு சரியும் என்று உனக்கும் தெரியும், சீட்டாடுகிறவனும் குடிக்கிறவனும் அங்கேதான் போகிறான் என்றும் தெரியும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். அவள் நாலரைக்குத் திரும்பி வரும்வரை காது வாசலிலேயே இருந்தது.

அவளுக்கும் நாம் அதையேதான் செய்திருக்கிறோம். ஏழாவதுவரை கன்னடத்தில் படித்தாள், நன்றாகத்தான் படித்தாள். "இங்கிலீஷ்ல போட்டுடு நைனா, லைன்ல எல்லாம் அதான் போடுறாங்க" என்று நீ சொன்னாய், நான் டிக் அடித்தேன். உனக்கு அடித்த அதே கை. அவளைக் கேட்டோமா? செக்ஷன் மாற்ற வேண்டியவர்கள் சனிக்கிழமைக்குள் ஃபாரம் தரலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஃபாரம் இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், கீழே விழுந்துவிடப் போகிறது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். கன்னட செக்ஷனுக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. இங்கிலீஷிலேயே இருந்து கஷ்டப்பட்டுப் பிடிக்கிறேன் என்றும் அவள் சொல்லலாம். அப்படியென்றால் பாடம் புரிகிற பாஷையில் எடுத்துச் சொல்ல ஒரு ஆளைத் தேட வேண்டும். மூன்று மாதம் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், முதல் டெஸ்டில் பத்து மார்க் வந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எதுவானாலும் அவள் சொல்லி நீ எழுது.

எப்படிக் கேட்பது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் உனக்கு யாரும் காட்டவில்லை. நான் செய்ததுபோல் ஸ்கூல்ல இன்னா நடந்திச்சி என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு ஒன்றுமில்லை என்பதுதான் பதிலாக வரும். பக்கத்தில் உட்காருகிறவள் பெயரைக் கேள். எந்தப் பீரியட் வந்தால் வயிற்றைப் புரட்டுகிறது என்று கேள். சொல்ல ஆரம்பித்தால் நடுவில் பேசாதே, முக்கியமாகப் பழகிப்போகும் என்று மட்டும் சொல்லாதே. எதற்கு வேண்டுமானாலும் மனுஷன் பழகிவிடுவான். நீ டைல்ஸ் தூசிக்குப் பழகவில்லையா? பழகினதால் நல்லது என்று ஆகிவிடுமா? டீச்சரிடம் நான் சொன்ன காய்ச்சல் பொய்யை நானே போய்ச் சரிசெய்துகொள்கிறேன், அந்த அவமானம் எனக்கு வேண்டியதுதான். பெல்ட்டை மட்டும் நினைக்காதே. அந்த ஆணியே இப்போது சுவரில் இல்லை, நேற்று மத்தியானம் பிடுங்கிவிட்டேன். சுவரில் ஒரு பிடி சுண்ணாம்பும் கூடவே வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பூசிவிடு.

இதை நேற்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ வந்தாய், கால் கழுவினாய், பலகையில் உட்கார்ந்தாய். தர்ஷினி உனக்குத் தட்டு கொண்டுவந்து வைத்தாள். நீ அவளைக் கேட்கவில்லை, அவள் உன்னைக் கேட்கவில்லை, நான் இரண்டு பேரையும் கேட்கவில்லை. மருமகள் குழம்பு ஊற்றினாள். யாரும் யாரையும் தொந்தரவு செய்யாத நல்ல குடும்பம்.

இன்று வியாழக்கிழமை. இன்றைக்கு நீ வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், ரயில் இந்நேரம் பங்காருப்பேட்டையைத் தாண்டியிருக்கும். இன்று ஒரு நாளைக்கு முட்டி போனாலும் போகட்டும் என்று அவள் பின்னால் நான் போகிறேன், கண் மறையாத தூரத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். நாளைக்கு ரயிலை விட்டுவிடு. மேஸ்திரி கத்துவார், கத்தட்டும். காலையில் அவள் கிளம்பும்போது ஒன்றும் சொல்லாமல் அவள் பையை வாங்கி உன் தோளில் மாட்டிக்கொள். அந்த எட்டாங்கிளாஸ் பையின் கனம் உனக்குத் தெரியட்டும். திருப்பத்தில் இடது பக்கம் இழுக்காதே. அவள் எந்தப் பக்கம் போகிறாளோ அந்தப் பக்கம் கூடவே நட. அவள் உட்காருகிற இடத்தில் நீயும் உட்கார். அது உனக்குத் தெரிந்த இடமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே வைத்து, நீ அவள் வயசில் அந்த இடத்துக்கு ஏன் வந்தாய் என்று முதலில் நீ சொல். பிறகு அவள் சொல்வாள்.

திரும்பி வந்தபிறகு உனக்கு மனசு வந்தால் எனக்கும் சொல். அந்த ஐந்து மாதம் தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை நீ எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், மழை வந்தால் என்ன செய்தாய், உன் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை எங்கே வைத்துத் தின்றாய்? இருபத்து மூன்று வருஷம் கழித்து, உன்னை நான் கேட்கிறேன்.

நைனா